திறப்பு விழாவுக்காக நிறுத்திய தண்ணீர்

1

நாங்கள் இந்த நாட்டுக் குடிமக்களாகி இந்த மார்ச் மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. கேக் வெட்டினீர்களா என்று கேட்காதீர்கள். வீட்டில் அன்றைக்கும் ரசமும் சுட்ட அப்பளமும்தான். ஆனால் அதை ஒட்டி இங்கே நடந்த ஒரு சமாசாரத்தை உங்களுக்கு எழுதாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் ஒரு சின்ன ஊர். பெயரைச் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது, சொல்லாவிட்டாலும் நஷ்டமில்லை. பாதி வருஷம் பனி. என் அண்ணன் இங்கே இருந்தான், அவன் போட்ட மனுவில்தான் நாங்கள் வந்து சேர்ந்தோம். என் வீட்டுக்காரர் சுந்தரம் ஆணி, பெயிண்ட் விற்கிற ஒரு கடையில் வேலை பார்க்கிறார். தாம்பரத்தில் டீச்சராக இருந்த நான் இங்கே பள்ளிக்கூடத்துச் சமையலறையில் தட்டு எடுத்துக் கொடுக்கிறேன். மகள் மீரா பதினொன்றாம் வகுப்பு.

இந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. மார்ச் மாதத்தில் ஒருநாள் ஊரில் ஓட்டுப் போடும் வயதுள்ள எல்லோரும் பள்ளிக்கூட ஹாலில் கூடி இரும்பு நாற்காலிகளில் உட்காருவார்கள். ரோட்டுக்கு எவ்வளவு செலவழிப்பது, தீயணைப்பு வண்டியை மாற்றலாமா, பள்ளிக்கூடக் கூரைக்கு என்ன செய்வது என்று ஒவ்வொன்றாகப் படிப்பார்கள். பேசுகிறவர்கள் பேசலாம். பிறகு கை தூக்க வேண்டியதுதான். மாநிலத் தலைநகரத்திலிருந்து யாரும் வந்து முடிவு சொல்ல மாட்டார்கள்.

போன வருஷம் சத்தியப் பிரமாணம் எடுத்த கையோடு நாங்களும் போனோம். நான் எல்லாவற்றுக்கும் கை தூக்கினேன், சிலவற்றுக்குப் புரியாமலே. சுந்தரம் இரண்டு கையையும் கோட்டுப் பையில் விட்டவர், கூட்டம் முடிகிற வரை வெளியே எடுக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் பாவம் குளிர்கிறது போல என்று நினைத்தார்கள். குளிரில்லை என்று எனக்குத் தெரியும்.

இந்த வருஷக் கூட்டத்துக்கு வந்த விஷயம் பாலம். எங்கள் தெருக்கோடியில் ஓடையின் மேல் ஒரு மரப்பாலம் இருக்கிறது. பனி உருகியதும் தெருக்காரர்கள் ஒரு சனிக்கிழமை கூடி உளுத்த பலகைகளைக் கழற்றிப் புதுப்பலகை அடிப்பார்கள். சுந்தரமும் சுத்தியலோடு போவார். இப்போது மாநில சட்டசபையில் எங்கள் பகுதி உறுப்பினராக இருப்பவர், மாநில அரசின் பணத்தில் அதை கான்கிரீட் பாலமாகக் கட்டித் தருகிறேன் என்று வந்திருந்தார். நல்ல மனிதர், வீடு வீடாக வந்து கை குலுக்கினார். நன்றிக்கு அடையாளமாகப் பாலத்துக்கு அவர் பெயரையே வைத்து பித்தளைப் பலகை பதிப்பது என்று தீர்மானத்திலேயே எழுதியிருந்தார்கள்.

அந்தத் தீர்மானம் அச்சாகி வீட்டுக்கு வந்த அன்று சுந்தரம் சாப்பிட உட்கார்ந்து பாதியில் எழுந்துவிட்டார். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் நான் தாம்பரத்துக்குப் போக வேண்டும்.

2

தாம்பரத்துக்கும் தெற்கே, ஊரப்பாக்கத்துக்குப் போகிற வழியில் எங்கள் நகர் இருந்தது. எந்த நகர் என்று எழுத மாட்டேன், இன்னும் அங்கே இருக்கிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறினோம். எல்லோரும் மாதச் சம்பளக்காரர்கள். பாங்கு, தபாலாபீஸ், கோட்டையில் குமாஸ்தா, என்னைப்போல் டீச்சர்கள். வீடு இருந்தது, தண்ணீர் இல்லை. போர் போட்ட இடமெல்லாம் உப்பு. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது.

நல்ல தண்ணீர் ஒரே இடத்தில்தான் இருந்தது. நகரை ஒட்டி அலமேலு அக்காவின் நிலம் மிச்சமிருந்தது, அதன் மூலையில். எங்கள் மனைகளே ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்தின் நெல் வயல்தான். விற்றது போக மிஞ்சியதில் தீவனப்புல் போட்டு, எருமை வைத்து, எங்களுக்கே பால் ஊற்றினார். வாய் என்றால் அப்படி ஒரு வாய். பாலில் தண்ணீர் என்று யாராவது முனகினால் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி பதில் வரும்.

அப்போது சுந்தரம்தான் நலச்சங்கத்துச் செயலாளர். கிணறு வெட்ட அந்த மூலையைக் கேட்டு அவரும் நானும் போனோம். அக்கா எருமைக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாத்துக்கு சார் இவ்ளோ இழுக்குறே? தண்ணி வோணும், அவ்ளோதானே? வெட்டிக்கோ. எங்க தெருவுக்கும் ஒரு பைப்பு வுட்டுடணும். அத்த மட்டும் மறந்தே, மண்ணப் போட்டு மூடிடுவன்."

பத்திரம் எழுதிக்கொள்ளலாமா என்று இவர் கேட்டார்.

"நீ எங்க ஓடப்போறே, நா எங்க ஓடப்போறேன்? போ சார், வேலயப் பாரு."

அவ்வளவுதான் ஒப்பந்தம். கிணறு வெட்ட ஆள் வைத்தோம். குழாய் பதிப்பதை நாங்களே செய்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பாங்கு ஆபீசரும் கோட்டை குமாஸ்தாவும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளம் தோண்டினார்கள். முதல் குழாயை அக்கா தெருவுக்குத்தான் இழுத்தார் சுந்தரம். சங்கத்தில் இரண்டு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மோட்டாருக்கு கரண்ட் வாங்க அவர் நடந்த நடையை எழுதினால் அதுவே தனிப் புத்தகம். எந்த ஆபீசில் எந்த மேஜையில் யார் டீ குடிக்கப் போவார்கள் என்பது வரை அவருக்கு அத்துப்படி. ஒரு வழியாக வந்தது கரண்ட்.

அந்தத் தண்ணீரில் முதல் முதலாக வேகவைத்த துவரம்பருப்பை நான் இன்னும் மறக்கவில்லை. குழைந்து மலர்ந்து வந்தது. அழுகையே வந்துவிட்டது எனக்கு.

3

மோட்டார் ரூமுக்கு ஒரே ஒரு சாவி. அது வாரா வாரம் வீடு மாறும். சாவி எந்த வீட்டிலோ, அந்த வீட்டுக்காரர் விடியற்காலை எழுந்து மோட்டாரைப் போட வேண்டும், தெருத் தெருவாக வால்வு திறக்க வேண்டும். அக்கா தெருவும் முறையில் உண்டு.

அடேயப்பா, எத்தனை சண்டை! "உங்க வாரத்துல உங்க தெருவுக்கு மட்டும் அரை மணி கூட விடறீங்க" என்பார் ஒருவர். "உங்க வீட்டுக்காரர் தூங்கிட்டாரு, நாங்க குளிக்காம ஆபீஸ் போனோம்" என்பார் இன்னொருவர். மோட்டார் ஒருநாள் புகைந்தால் போதும், சாவி வைத்திருக்கிறவர் மோட்டாரை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு தாம்பரம் மார்க்கெட் பக்கம் காயில் கட்டுகிற கடைக்கு ஓடுவார். மறுநாள் தண்ணீர் வந்துவிடும். யாரும் யாருக்கும் மனு எழுதவில்லை.

அந்தச் சண்டைகளைத்தான் நான் இப்போது நினைத்துக்கொள்கிறேன். சண்டை போட ஆள் பக்கத்து வீட்டில் இருந்தான். கதவைத் தட்டித் திட்டலாம். திட்டிவிட்டுச் சாயங்காலம் அவர்கள் வீட்டிலேயே காபி குடிக்கலாம்.

4

தண்ணீர் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. எல்லோரும் குடித்தோம், குளித்தோம், துவைத்தோம். அப்புறம்தான் சங்கத் தலைவருக்கு அந்த யோசனை வந்தது.

"திறப்பு விழா வைக்காம எப்படி? எம்.எல்.ஏ.வைக் கூப்பிடுவோம். நாளைக்கு ரோடு, லைட்டுன்னு எதுக்காவது அவர்கிட்டதானே போய் நிக்கணும்?"

"ஏற்கெனவே திறந்தாச்சே சார்" என்றார் சுந்தரம். "நாமதானே வெட்டினோம்? நாமதானே குடிக்கிறோம்?"

அவரோடு சேர யாருமில்லை. விழா என்றால் எல்லோருக்கும் ஆசை. அலமேலு அக்காவுக்கும்தான். எம்.எல்.ஏ. பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டால் பையனுக்கு எங்காவது ஒரு வேலை கேட்கலாம் என்பது அவர் கணக்கு. நான் மட்டும் என்ன, அரக்கு கலர் பட்டுப்புடவையை இஸ்திரி போட்டு வைத்தேன்.

அப்புறம் நடந்ததை இங்கே நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஏற்கெனவே ஓடுகிற தண்ணீரை எப்படித் திறந்து வைப்பது? அதனால் விழாவுக்கு முன்னால் தண்ணீரை நிறுத்தினார்கள்! மோட்டார் ரூமைப் பூட்டி, குழாய் வாயிலெல்லாம் கலர் பேப்பர் ஒட்டினார்கள். எம்.எல்.ஏ. தேதியை இரண்டு தடவை தள்ளிப் போட்டார். அத்தனை நாளும் எங்கள் சொந்தக் கிணற்றில் தண்ணீர் ததும்பிக்கொண்டிருக்க, நாங்கள் பழையபடி குடத்தைத் தூக்கிக்கொண்டு லெவல் கிராசிங் தாண்டிப் போனோம். பட்டுப்புடவை பீரோவில் காத்திருந்தது.

கல்வெட்டுக்கு வாசகம் கட்சிக்காரர்களே எழுதி அனுப்பினார்கள். எம்.எல்.ஏ. பெயர், பட்டம், பட்டத்துக்கு முன்னால் இன்னொரு பட்டம், "அவர்களின் பெருமுயற்சியால் அமைக்கப்பட்டுத் திறந்து வைக்கப்பட்டது". கடைசி வரியில் 'நகர் மக்கள்' என்றாவது போடுங்கள் என்று சுந்தரம் கல் வேலை நடக்கிற இடத்துக்கே போய்க் கேட்டார். கல்லில் இடமில்லை என்றார்கள். சுவரில் பதித்து மாலை போட்டு, அவர் வந்து குழாயைத் திருகினார். தண்ணீர் வந்தது. கை தட்டினோம். நாங்களே வெட்டிய கிணற்றின் தண்ணீருக்கு நாங்களே கை தட்டினோம்.

5

தேர்தல் வந்தது. ஆட்சி மாறியது. எங்கள் தொகுதியிலும் வேறு ஆள் வந்தார்.

கொஞ்ச நாளில் ஒரு ஜீப் வந்து மோட்டார் ரூம் வாசலில் நின்றது. இறங்கியவர் கல்லைப் படித்தார். "எம்.எல்.ஏ. முயற்சியில அமைச்சது. அப்போ கவர்மெண்ட் சொத்துதான்" என்று சாவியைக் கேட்டார். இனி மோட்டார் போட ஒரு ஆள் வருவான், எங்களுக்கு வேலை மிச்சம் என்றார். அந்த ஆள் புதுக் கட்சியின் கிளைச் செயலாளருடைய மச்சான் என்பது அப்புறம் தெரிந்தது.

நகரில் யாரும் வருத்தப்படவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். விடியற்காலை எழ வேண்டாம், சந்தா கொடுக்க வேண்டாம், அப்பாடா என்று இருந்தார்கள். சாவியைக் கொடுத்துவிட்டு வந்து சுந்தரம் மட்டும், யாருக்கு எந்த வாரம் என்று எழுதி ஒட்டியிருந்த தாளைப் பிய்த்து மடித்து வைத்தார். அக்கா வந்து கத்தினார். "இன்னா சார் இது? நெலம் என்னுது, பள்ளம் நீங்க தோண்டினது, சாவி எவனுக்கோ? இன்னா பேஜாரா கீதே!"

அந்தக் கோடையில் மோட்டார் எரிந்துபோனது. மோட்டார் போடுகிறவன் கையை விரித்தான். எழுதிப் போட்டிருக்கிறேன், வரும் என்றான். முன்பென்றால் மறுநாளே ஓடியிருக்கும். இப்போது யாரும் கிட்டே போகவில்லை. "கவர்மெண்ட் மோட்டார் சார், நாம தொட்டா கேஸாயிடும்." பள்ளம் தோண்டிய அதே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மனு எழுதினோம். ஆபீசில் கல்லில் இருக்கிற பெயரைக் கேட்டுவிட்டு, "அது அவங்க ஆளு போட்ட ஸ்கீம், அவங்ககிட்டயே கேளுங்க" என்றார்கள். பழைய எம்.எல்.ஏ.விடம் போனால், "நம்ம கையில இப்ப என்ன இருக்கு?" என்றார். லாரித் தண்ணீர் வர ஆரம்பித்தது. அக்கா தெருவுக்கு அதுவும் வரவில்லை.

பொறுத்துப் பார்த்தார் சுந்தரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பூட்டை உடைத்து, மோட்டாரைக் கழற்றி, தாம்பரத்துக்கு எடுத்துப்போக ரிக்‌ஷாவில் ஏற்றினார். பாதி வழியில் பிடித்துவிட்டார்கள். பொதுச் சொத்தைச் சேதப்படுத்தினார் என்று ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

"நாங்க வெட்டின கிணறு சார்" என்றார் இவர்.

"கல்லுல அவரு பேருல்ல இருக்கு? உங்க பேரு எங்க இருக்கு, காட்டுங்க" என்றார் அந்த ஏட்டு. கேலியாகக்கூடச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார்.

நான் போனேன். அலமேலு அக்கா வந்தார், ஸ்டேஷன் வாசலில் நின்று போட்ட சத்தத்தில்தான் சாயங்காலம் விட்டார்கள் என்று நினைக்கிறேன். நகரிலிருந்து ஒருத்தர் வரவில்லை.

அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டம். நகர்க்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். சுந்தரம் எழுந்து ஒன்றுதான் கேட்டார். "எனக்காக எதுவும் செய்ய வேண்டாம். இந்தக் கிணத்தை நாமதான் வெட்டினோம்னு எழுதி ஆபீசுக்குக் கொடுப்போம். சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க."

பாங்கு ஆபீசர் தரையைப் பார்த்தார். கோட்டை குமாஸ்தா கண்ணாடியைத் துடைத்தார். அத்தனை பேருக்கும் உத்தியோகம், டிரான்ஸ்ஃபர், பிள்ளைகள் படிப்பு. கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கை எழும்பவில்லை. சுந்தரம் சங்கத்து நோட்டை மூடி மேஜையில் வைத்தார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். அண்ணனின் மனு ஏதோ ஒரு மூலையில் தூங்கிக்கொண்டிருந்ததே, அது என்ன ஆயிற்று என்று அன்றைக்குத்தான் அவராகக் கேட்டார்.

6

இங்கே வந்த பிறகு அவரை எல்லோரும் மிஸ்டர் ராமசாமி என்கிறார்கள். ராமசாமி என் மாமனார். முதல் ஆபீசில் முதல் கட்டத்தில் எந்தப் பெயரை எங்கே எழுதுவது என்று தெரியாமல் எழுதியதால், போய்ச் சேர்ந்த மனுஷன் பெயரில் இவருக்குச் சம்பளம் வருகிறது. திருத்தப் போனோம். திருத்த வேண்டுமானால் சரியான பெயரில் ஏற்கெனவே இந்த ஊர் அத்தாட்சி ஒன்று வேண்டுமாம். "விடு பத்மா, எங்க அப்பா அமெரிக்கா பாத்தாருன்னு இருக்கட்டும்" என்றார்.

போன இலையுதிர் காலத்தில் உறுப்பினர் பாலப் பேச்சோடு வந்த நாளிலிருந்து மீராவோடுதான் வீட்டில் அரசியல். பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் பற்றிப் படித்துவிட்டு வந்து எங்களுக்கு வகுப்பு எடுப்பாள்.

"ஸ்டேட் ஃப்ரீயா பாலம் கட்டித் தருதுப்பா. வாங்கிக்கலாம்ல? வாட் இஸ் த ப்ராப்ளம்?"

"ஃப்ரீ இல்லடா. நம்ம வரிப்பணம் தலைநகரத்தைச் சுத்திப் பாத்துட்டு, யாரோ ஒருத்தர் பேரை ஒட்டிக்கிட்டுத் திரும்பி வருது."

"அப்போ கவர்ன்மெண்டே வேணாமா? ஏழைங்களுக்கு யார் செய்வாங்க?"

இது நியாயமான கேள்வி. நான் மழுப்ப மாட்டேன். அரசாங்கமே கூடாது என்கிற கட்சி இல்லை நாங்கள். தாம்பரத்துக்கு மின்சார ரயில் விட நலச்சங்கத்தால் முடியாது. பெரியாஸ்பத்திரி நடத்த முடியாது. ரவுடியைப் பிடிக்க முடியாது. அதையெல்லாம் அரசாங்கம் செய்யட்டும், ஒழுங்காகச் செய்யட்டும். பக்கத்து வீட்டுக்காரரும் நானும் சேர்ந்து செய்துகொள்ளக்கூடிய காரியத்தில் அது வந்து மூக்கை நுழைக்க வேண்டாம், அவ்வளவுதான். நுழைத்தால், நேற்று வரை கடப்பாரை பிடித்தவன் இன்றைக்கு மனுதாரர் ஆகிவிடுகிறான். ஆட்சி மாறும்போதெல்லாம் அவன் தண்ணீர் யாருடைய தண்ணீர் என்று மறுபடி கேட்க வேண்டியிருக்கிறது. ஏழைக்கு யார் செய்வார்கள் என்றால், அலமேலு அக்கா தெருவுக்குக் குழாய் இழுத்தது நாங்கள். லாரி அனுப்பாதது யார் என்று நீங்களே பாருங்கள்.

மீரா தோளைக் குலுக்கினாள். "அது இந்தியாம்மா. இங்க வேற" என்றாள். இந்த ஊர்ப் பிள்ளையாகவே பேசுகிறாள். பேசட்டும், இந்த ஊர்தானே அவளுக்கு. இருந்தாலும் கொஞ்சம் வலித்தது.

7

போன டிசம்பரில் ஊருக்குப் போயிருந்தோம். ஜி.எஸ்.டி. ரோட்டை அடையாளமே தெரியவில்லை. பொத்தேரி வரை காலேஜும் ஹாஸ்டலும் ஜெராக்ஸ் கடையும். நகருக்குப் போக வேண்டாம் என்றார் சுந்தரம். அலமேலு அக்காவைப் பார்க்காமல் திரும்ப முடியாது என்று நான் இழுத்துக்கொண்டு போனேன்.

கிணற்றில் பாதி வரை குப்பை. மோட்டார் ரூமுக்குக் கூரை இல்லை. சுவரில் கல் இருந்த இடம் சதுரமாகக் காலியாக இருந்தது.

அக்கா வீட்டுப் பின்பக்கம் துவைத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது, வாய் மட்டும் அப்படியே. "வா சார்! அமெரிக்காவுல சோறு போடலியா, இன்னா இப்பிடி எளச்சிக்கீறே?" என்றவர், எங்கள் கண் போன இடத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் துணி அடித்துக்கொண்டிருந்தது அந்தக் கல்வெட்டின் மேல். எழுத்து இருக்கும் பக்கம் மேலே.

"செவுரு இடிஞ்சி வுயிந்திச்சி சார். நல்ல கல்லாச்சேன்னு தூக்கியாந்துட்டன். பேரு கீற பக்கம் சொரசொரன்னு கீது, அயுக்கு சூப்பரா போவுது."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மீராவும் சிரித்தாள். சுந்தரம் சிரிக்கவில்லை. குனிந்து, சோப்பு நுரையை வழித்துவிட்டு, கடைசி வரிக்குக் கீழே பார்த்தார். விரலால் தடவினார்.

"இடம் இருந்திருக்கு பத்மா" என்றார். "ரெண்டு வரிக்கே இடம் இருந்திருக்கு."

மீரா சிரிப்பை நிறுத்திவிட்டாள். வண்டியில் திரும்பும்போது, அன்றைக்குக் கூட்டத்தில் ஏன் யாரும் கை தூக்கவில்லை என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். பயம் என்றேன். அப்பாவுக்கும் பயமா என்றாள். அப்பாவுக்கு வேறு பயம் என்றேன்.

8

கூட்டத்தன்று நாங்கள் முன்வரிசையில் உட்கார வேண்டியதாயிற்று. பின்னால் எல்லாம் நிரம்பிவிட்டது. மீராவுக்கு இன்னும் ஓட்டு வயதில்லை, சுவரோரம் வேடிக்கை பார்க்கிறவர்கள் பெஞ்சில் இருந்தாள். சட்டசபை உறுப்பினர் வாசலில் நின்று எல்லோருக்கும் வணக்கம் சொன்னார்.

பாலத் தீர்மானம் படிக்கப்பட்டது. பேச விரும்புகிறவர்கள் உண்டா என்று தலைமை வகித்த அம்மாள் கேட்டார். வருஷா வருஷம் எங்களோடு பலகை அடிக்கிற மார்கரெட், பள்ளி பஸ் ஓட்டுகிறவள், எழுந்தாள். பலகை தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டது, அரசு கட்டினால் நல்லதுதான் என்றாள். நிறையத் தலைகள் ஆடின. நியாயம்தானே, அவள் முதுகு அவளுக்கு.

பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. சுந்தரம் எழுந்து நின்றார்.

"மிஸ்டர் ராமசாமி?" என்றார் தலைவி.

இவர் ஆங்கிலம் ஆபீஸ் கடித ஆங்கிலம். 'வித் டியூ ரெஸ்பெக்ட்' என்று ஆரம்பித்தார். ஆனால் கொஞ்சத்தில் கடிதம் உதிர்ந்துபோய் மனுஷன் பேச ஆரம்பித்துவிட்டார். கிணறு, சாவி, திறப்பு விழாவுக்காகத் தண்ணீரை நிறுத்தியது. அங்கே சபை சிரித்தது. அந்தக் கல்லில் இப்போது துணி துவைக்கிறார்கள் என்றதும் உறுப்பினரே சிரித்துவிட்டார். மோட்டார் எரிந்ததைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

"உறுப்பினர் நல்லவர். எங்கள் எம்.எல்.ஏ.வும் கெட்டவர் இல்லை" என்றார். "பாலத்தில் அவர் பெயர் இருந்தால் அதில் விரிசல் விட்ட அன்றைக்கு அவருக்கு போன் செய்வீர்கள். அவருக்கு அப்புறம் வருகிறவருக்கு போன் செய்வீர்கள். சுத்தியல் வீட்டிலேயே இருக்கும். மார்கரெட்டுக்கு முதுகு வலித்தால், அவள் பங்குப் பலகையை நான் அடிக்கிறேன்."

உட்கார்ந்துவிட்டார். நெற்றியெல்லாம் வேர்வை, அந்தக் குளிரில்.

ஆதரவாகக் கை தூக்கச் சொன்னார்கள். எண்ணினார்கள். பிறகு எதிர்க்கிறவர்கள் என்றார்கள்.

சுந்தரம் கையைத் தூக்கினார். நேராக, முழங்கை மடங்காமல், எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தூக்குகிற மாதிரி. நானும் தூக்கினேன். அவர் பார்வை முன்னால் இருந்த கொடிக்கம்பத்தை விட்டு நகரவில்லை.

"யாராவது தூக்கியிருக்காங்களா பத்மா?" என்றார், உதடு அசையாமல்.

"நீங்களே திரும்பிப் பாருங்க."

"நீ சொல்லு."

"திரும்புங்கன்னா!"

திரும்பினார். எனக்கு எண்ணத் தெரியவில்லை, கண் மறைத்தது. ஹாலில் ஏறக்குறைய பாதி. மார்கரெட் ஒரு கையை இடுப்பில் வைத்து மறு கையைத் தூக்கியிருந்தாள். சுவரோரம், ஓட்டே இல்லாத என் மகள் ஏதோ பஸ்ஸில் கம்பி பிடிப்பதுபோல் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். கணக்கில் சேராது, கீழே இறக்கம்மா என்று யாரோ சொல்லியும் இறக்கவில்லை.

நாங்கள் தோற்றோம். சொற்ப வித்தியாசம்தான், ஆனால் தோல்வி தோல்விதான். பாலமும் வரும், பித்தளைப் பலகையும் வரும். வெளியே வந்து வண்டிக் கண்ணாடியில் இருந்த பனியைச் சுரண்டும்போது சுந்தரம் சீட்டியடித்தார். கல்யாணமான புதிதில் கேட்டது.

9

சனிக்கிழமை காலையில் அலமேலு அக்காவுக்கு போன் போட்டார். அக்காவின் பையனுக்கு அரசாங்க வேலை கடைசி வரை வரவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் எஸ்.டி.டி. பூத் வைத்து நன்றாகவே இருக்கிறான். ஆள் அனுப்பி அம்மாவைக் கூட்டிவந்தான். இவர் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார், எத்தனை கை என்பதை மட்டும் மூன்று தடவை. நான் இன்னொரு போனில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அவ்ளோ கையா!" என்றார் அக்கா. "அன்னிக்கி நா அந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கணும் சார். சங்கத்துல நமக்கு இன்னா வேலைன்னு வூட்லயே குந்திக்கினு இருந்துட்டன். வந்திருந்தா ரெண்டு கையும் தூக்கியிருப்பன்."

சுந்தரம் ரிசீவரை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

"அது போவட்டும்" என்று அக்காவே தொடர்ந்தார். "தோத்துட்டே இல்ல, பேரு போட்டுடுவாங்க. கல்லுலியா போடறாங்க?"

"இல்லக்கா. பித்தளையில."

"பித்தளையா? அடப் பாவமே! அப்ப உங்க ஊர்க்காரங்களுக்குத் துணி தொவைக்கக்கூட ஒதவாதே சார்."